குத்துமதிப்புக்கும் கணக்கு உண்டு: தரவு குறைவான இடத்தில் பத்தின் அடுக்கைப் பிடிப்பது எப்படி

பூமியில் எத்தனை மரங்கள் இருக்கும்? 'யாருக்குத் தெரியும்' என்று கைவிரிக்கத் தோன்றும் கேள்வி. ஆனால் ஒரு தாள், ஒரு பேனா, பள்ளிக்கூடத்தில் படித்த இரண்டு மூன்று எண்கள் இருந்தால் போதும், விடை ஆயிரம் கோடிகளிலா லட்சம் கோடிகளிலா என்று பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். கீழே உள்ள படிகளில் பெரும்பாலானவற்றை இந்த மரக் கணக்கின் மேலேயே ஓட்டிப் பார்க்கலாம்.

முதலில் இலக்கு. இந்த வகைக் கணக்கில் விடை உண்மையிலிருந்து மூன்று மடங்குக்குள் வந்தால் நன்று, பத்து மடங்குக்குள் வந்தால் பரவாயில்லை. மூன்று என்ற எண்ணுக்குக் காரணம் இருக்கிறது: 10-இன் வர்க்கமூலம் 3.16. அதாவது பெருக்கல் கணக்கில் 1-க்கும் 10-க்கும் நட்டநடுவில் இருப்பது 5 இல்லை, 3. எனவே 2,000 என்பது 10³-ஐச் சேர்ந்தது; 4,000 என்பது 10⁴-ஐச் சேர்ந்தது. 1, 3, 10, 30, 100, 300 என்று ஏறும் ஏணியில் நின்று யோசிக்கப் பழகுங்கள். 3 × 3 = 10 என்று எழுதக் கூச்சப்பட வேண்டாம்.

படி 1: கேள்வியை இறுக்குங்கள்

'மரம்' என்றால் எது? நேற்று முளைத்த கன்றும் சேர்த்தியா? சேர்த்தால் விடை பல மடங்கு மாறிவிடும். மார்பளவு உயரத்தில் தண்டு 10 செ.மீ. விட்டமாவது இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் கேள்வி கைக்குள் வரும். புதிதாக வருபவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். எண்ணைத் தேடி ஓடுகிறார்கள், எதை எண்ணுகிறோம் என்பதை எழுதி வைப்பதில்லை.

இன்னொன்றையும் இப்போதே முடிவு செய்யுங்கள்: கேட்பது இருப்பா, ஓட்டமா? இத்தனை மரங்கள் என்பது இருப்பு. ஆண்டுக்கு இத்தனை மரங்கள் விழுகின்றன என்பது ஓட்டம். விடையின் அலகைத் தாளின் மேல்மூலையில் முன்கூட்டியே எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

படி 2: உடைத்துப் பெருக்குங்கள்

மரங்களின் எண்ணிக்கை = காட்டின் பரப்பு ÷ ஒரு மரத்துக்கான இடம். காட்டின் பரப்பு = நிலப்பரப்பு × காடு உள்ள பங்கு. ஆக மூன்றே காரணிகள்.

எதுவரை உடைப்பது? ஒவ்வொரு துண்டுக்கும் 'இதற்குக் கீழே இருக்காது, இதற்கு மேலே போகாது' என்று சொல்லும் நிலை வரும்வரை. அதைத் தாண்டி உடைத்தால் லாபம் இல்லை. மரத்தை ஊசியிலை, அகன்ற இலை என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தெரியாத எண்களை நீங்களே இட்டு நிரப்பினால், அறியாமை பத்து இடத்தில் பரவுமே தவிர குறையாது. மூன்றிலிருந்து ஐந்து காரணிகள் பெரும்பாலும் போதும்.

படி 3: ஒற்றை எண் வேண்டாம், இரண்டு எல்லைகள் எழுதுங்கள்

முழு வேலையின் உயிர்நாடி இந்தப் படி. ஒரு மரத்துக்கு எவ்வளவு இடம்? அடர்ந்த காட்டில், 10 செ.மீ. தடிமன் உள்ள மரங்களுக்கு நடுவே இரண்டு மீட்டராவது இருக்கும். அப்படியென்றால் மரத்துக்கு 4 சதுர மீட்டர். மறுபக்கம், பத்து மீட்டருக்கு ஒரு மரம் என்று இருந்தால் 100 சதுர மீட்டர். அதைவிட அரிதாக இருந்தால் அதைக் காடு என்று சொல்லத் தயக்கமாக இருக்கும். எல்லைகள் 4, 100.

இவற்றின் நடுவைப் பிடிக்க வழக்கமான சராசரி உதவாது. 4-க்கும் 100-க்கும் கூட்டுச் சராசரி 52. அது மேல் எல்லையில் பாதி, கீழ் எல்லையைப் போல் 13 மடங்கு; ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டது. பெருக்குச் சராசரி எடுங்கள்: இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம். √400 = 20. கீழ் எல்லையிலிருந்து ஐந்து மடங்கு, மேல் எல்லைக்கும் ஐந்து மடங்கு.

மனக்கணக்காகச் செய்ய ஒரு குறுக்குவழி உண்டு. முன் இலக்கங்களைத் தனியாகவும் அடுக்குகளைத் தனியாகவும் சராசரி எடுங்கள். 2×10³-க்கும் 8×10⁶-க்கும் நடு: இலக்கங்களின் சராசரி 5, அடுக்குகளின் சராசரி 4.5. அந்த அரை அடுக்கு வந்தால் அதை எடுத்துவிட்டு 3-ஆல் பெருக்குங்கள்: 5 × 3 × 10⁴ = 1.5×10⁵. துல்லியமான விடை 1.26×10⁵. இந்த வேலைக்கு இதுவே அதிகம்.

எல்லைகளை எப்படி வைப்பது என்பதுதான் உண்மையான திறமை. உள்ளுக்குள் ஓர் எண்ணை முடிவு செய்துவிட்டு, அதற்கு இருபுறமும் கொஞ்சம் தள்ளி எல்லை போடுவது பொதுவான பழக்கம். அப்படிப் போட்ட எல்லை குறுகலாகவே இருக்கும். வெளியிலிருந்து உள்ளே வாருங்கள். அபத்தமான எண்ணில் தொடங்கி, 'இதுதான் உண்மை என்று யாராவது சொன்னால் நான் ஆச்சரியப்படுவேனா' என்று கேட்டபடி நகருங்கள். ஆச்சரியம் போகும் இடத்தில் நில்லுங்கள். இணையத்தில் தேடுவது இதற்குப் பிறகுதான். ஓர் எண்ணைப் பார்த்துவிட்டால் மனம் அதையே சுற்றி வரும்.

படி 4: அடுக்குகளைத் தனியே கூட்டிக் கழியுங்கள்

நிலப்பரப்பு 1.5×10¹⁴ சதுர மீட்டர். காடு அதில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்தால் 5×10¹³. அதை 20-ஆல் வகுத்தால் 2.5×10¹², அதாவது இரண்டரை லட்சம் கோடி.

தாமஸ் கிரௌதர் தலைமையிலான குழு 2015-இல் நேச்சர் ஆய்விதழில் வெளியிட்ட எண், அதே 10 செ.மீ. வரையறையுடன், 3.04 லட்சம் கோடி. நம் விடை இவ்வளவு நெருங்கியதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு. 10¹² என்ற அடுக்கு கிடைத்ததே போதும். இதைவிடச் சுவையான விஷயம் வேறு. அந்த ஆய்வுக்கு முன் புழங்கிய எண் சுமார் 40,000 கோடி, அதாவது 4×10¹¹. அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: 5×10¹³ ÷ 4×10¹¹ = மரத்துக்கு 125 சதுர மீட்டர். உலகக் காடுகள் எல்லாவற்றிலும் சராசரியாக மரத்துக்கு மரம் பதினோரு மீட்டர் இடைவெளி. காட்டுக்குள் கொஞ்ச தூரம் நடந்தவர் எவருக்கும் இது இடறும். பிறர் சொன்ன எண்ணைச் சோதிக்கவும் இதே கணக்கு பயன்படுகிறது, பல சமயம் புதிய எண்ணைக் கண்டுபிடிப்பதைவிட அதிகமாகவே.

படி 5: தடுமாற்றம் எந்தக் காரணியில் என்று பாருங்கள்

பிழையை மடங்குகளில் சொல்லுங்கள், மடங்கை அடுக்காக மாற்றுங்கள்; அதாவது 10-ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினால் அந்த மடங்கு வரும் என்று பாருங்கள். 1.25 மடங்கு என்றால் 0.1 அடுக்கு. 2 மடங்கு 0.3, 3 மடங்கு 0.5, 5 மடங்கு 0.7, 10 மடங்கு 1. இந்த ஐந்தும் மனப்பாடமாக இருக்கட்டும்.

காரணிகள் ஒன்றையொன்று சாராதவை என்றால், அடுக்குப் பிழைகளை வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். மரக் கணக்கில் காட்டுப் பரப்பின் பிழை 0.1, ஒரு மரத்துக்கான இடத்தின் பிழை 0.7. 0.01 + 0.49 = 0.50; வர்க்கமூலம் 0.71. பரப்பின் பிழை இருந்ததே தெரியவில்லை, பாருங்கள். நிலப்பரப்பை நான்கு இலக்கத் துல்லியத்தில் தேடி எடுத்தாலும் விடை ஒரு துளியும் மேம்படாது. கையில் இருக்கும் நேரம் முழுவதும் மர இடைவெளிக்குப் போக வேண்டும். எந்தக் கணக்கிலும் இப்படி ஒன்றோ இரண்டோ காரணிகள்தான் தள்ளாடும். அவற்றை அடையாளம் காணத்தான் இந்தப் படி.

இதே சூத்திரம் ஓர் ஆறுதலும் தரும். நான்கு காரணிகள், ஒவ்வொன்றிலும் 3 மடங்கு பிழை. மோசமான நிலையில் 81 மடங்கு தப்ப வேண்டும். ஆனால் ஒன்று கூடினால் ஒன்று குறைவதால், எதிர்பார்க்க வேண்டிய பிழை √4 × 0.5 = 1 அடுக்கு, அதாவது 10 மடங்கு. எல்லாக் காரணிகளையும் ஒரே ஆசையோடு ஒரே பக்கம் தள்ளி வைத்திருந்தால் இந்தச் சலுகை இல்லை. அப்போது 81-ஐயே எதிர்பாருங்கள்.

படி 6: வேறு வழியில் ஒருமுறை

ஆண்டுக்கு எத்தனை குழந்தைகள் பிறக்கின்றன? முதல் வழி: உலகில் 800 கோடிப் பேர், ஆயுள் சுமார் 70 ஆண்டு. இருப்பை ஆயுளால் வகுத்தால் ஓட்டம்: 8×10⁹ ÷ 70 ≈ 1.1×10⁸, பதினோரு கோடி. இரண்டாம் வழி: மக்களில் பாதி பெண்கள், அவர்களில் சுமார் பாதி 15 முதல் 49 வயதுக்குள்; ஆக 2×10⁹ பேர். இந்த 35 ஆண்டுகளில் ஒருவருக்குச் சராசரியாக 2.3 குழந்தைகள். 2×10⁹ × 2.3 ÷ 35 ≈ 1.3×10⁸, பதின்மூன்று கோடி. உண்மை நிலவரமும் பதின்மூன்று கோடியை ஒட்டியதே.

முதல் வழிக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: இருப்பு மாறாமல் இருக்கிறது என்பது. அப்படியென்றால் இறப்பும் பதினோரு கோடியாக இருக்க வேண்டும். ஆனால் அது சுமார் ஆறு கோடிதான், ஏனென்றால் இன்று முதுமையில் இறப்பவர்கள் மக்கள்தொகை சிறியதாக இருந்த காலத்தில் பிறந்தவர்கள். இருப்பு வளர்ந்துகொண்டோ தேய்ந்துகொண்டோ இருந்தால் 'இருப்பு ÷ ஆயுள்' வழி இந்த அளவுக்குத் தப்பும் என்று எதிர்பாருங்கள்.

இந்த எடுத்துக்காட்டிலேயே ஒரு பொறி இருக்கிறது. மக்கள்தொகை ஆண்டுக்கு எவ்வளவு கூடுகிறது என்று கேட்டு, முதல் வழியின் பிறப்பிலிருந்து இறப்பைக் கழித்தால் விடை பூஜ்யம். உண்மையோ ஏழு கோடி. இரண்டு பெரிய தோராயங்களைக் கழித்து வரும் வித்தியாசத்தை நம்பவே நம்பாதீர்கள். வித்தியாசம்தான் வேண்டுமென்றால் அதை நேராக மதிப்பிட வேறு வழி தேடுங்கள்.

ஐந்து நிமிட அளவீடு

தள்ளாடும் காரணி எது என்று தெரிந்துவிட்டால், பல சமயம் அதைச் சும்மா அளந்தே விடலாம். ஒழுகும் குழாயால் ஆண்டுக்கு எவ்வளவு தண்ணீர் வீணாகிறது? துளியின் அளவை ஊகித்தால் ஐந்து மடங்கு தப்பலாம். மருந்து ஊற்றும் மூடியைக் குழாய்க்கடியில் பிடித்து, 5 மி.லி. கோடு வரும்வரை துளிகளை எண்ணுங்கள். நூறு வாக்கில் வரும். மில்லிலிட்டருக்கு 20 துளி. நொடிக்கு ஒரு துளி என்றால் நாளைக்கு 86,400 × 0.05 மி.லி. = 4.3 லிட்டர், ஆண்டுக்கு ஒன்றரைக் கன மீட்டர் சொச்சம்.

எவ்வளவு எண்ணினால் போதும்? இஷ்டத்துக்கு நிகழும் ஒன்றை எண்ணும்போது, N முறை எண்ணினால் பிழை சுமார் √N. 100 எண்ணினால் 10 சதவீதம், 25 எண்ணினால் 20, வெறும் 10 எண்ணினாலே சுமார் 30 சதவீதம். அடுக்கை மட்டும் தேடுபவருக்குப் பத்து போதும். ஆயிரம் எண்ணுபவர் நேரத்தை வீணாக்குகிறார்.

அளவீட்டின் வலிமைக்கு நல்ல சான்று பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1774-இல் வெளியிட்ட குறிப்பு. ஒரு தேக்கரண்டிக்கு மேல் போகாத எண்ணெய், குளத்தில் அரை ஏக்கர் அளவுக்குப் பரவி நீரைச் சமனாக்கியதாக அவர் எழுதினார். அடுத்த வகுத்தலை அவர் செய்யவில்லை, நாம் செய்யலாம். 5×10⁻⁶ கன மீட்டர் ÷ 2,000 சதுர மீட்டர் = 2.5×10⁻⁹ மீட்டர். எண்ணெய் மூலக்கூற்றின் நீளம் இந்த அடுக்கில்தான் இருக்கிறது.

அலகுகளே வழிகாட்டும் இடம்

1945 ஜூலை 16 அன்று நடந்த முதல் அணுகுண்டுச் சோதனையில், சுமார் 16 கி.மீ. தள்ளி நின்ற இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மி காகிதத் துண்டுகளைக் கையிலிருந்து விழவிட்டு, அதிர்வலை அவற்றை இரண்டரை மீட்டர் தள்ளியதை வைத்து வெடிப்பின் ஆற்றல் 10 கிலோடன் (பத்தாயிரம் டன் டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமம்) என்று சொன்னார். பின்னாளைய அளவீடுகள் 20 முதல் 25 கிலோடன். பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லர் 1950-இல் வெளியிட்ட ஆய்வில் அதே வெடிப்பின் புகைப்படங்களை வைத்தே கணக்கிட்டார். அவருடைய முறையின் எலும்புக்கூடு இது: ஆற்றல், காற்றின் அடர்த்தி, நெருப்புக்கோளத்தின் ஆரம், நேரம், இந்த நான்கையும் அலகு பிசகாமல் இணைக்க ஒரே வழிதான் உண்டு. ஆற்றல் ≈ அடர்த்தி × ஆரம்⁵ ÷ நேரம்².

0.025 நொடியில் ஆரம் சுமார் 140 மீட்டர். 140⁵ ≈ 5.4×10¹⁰. அதைக் காற்றின் அடர்த்தியான 1.2-ஆல் பெருக்கி, நேரத்தின் வர்க்கமான 6.25×10⁻⁴-ஆல் வகுத்தால் 10¹⁴ ஜூல். ஒரு கிலோடன் 4.2×10¹² ஜூல், ஆக 24 அல்லது 25 கிலோடன். முன்னால் வர வேண்டிய மாறிலி இந்த விஷயத்தில் ஏறத்தாழ 1. எல்லா இடத்திலும் அப்படி அமையாது. ஐந்தாம் அடுக்கையும் கவனியுங்கள்: ஆரத்தில் 10 சதவீதம் கூடினால் ஆற்றல் 60 சதவீதம் கூடிவிடும். எந்தக் காரணி வர்க்கமாகவோ கனமாகவோ வருகிறதோ அதன் அடுக்குப் பிழையை இரண்டால், மூன்றால் பெருக்கிய பிறகே படி 5-க்குப் போக வேண்டும்.

கையில் நாலைந்து எண்கள் மட்டும் இருந்தால்

வரிசை எண் இட்ட பொருள்களில் சிலவற்றை மட்டும் பார்த்திருக்கிறீர்கள், மொத்தம் எத்தனை? பார்த்ததில் பெரிய எண் m, பார்த்தவை k என்றால், மொத்தம் ≈ m + m/k − 1. 14, 37, 52, 68, 80 என்று ஐந்து எண்கள் கண்ணில் பட்டால் 80 + 16 − 1 = 95. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் டாங்கி உற்பத்தியை நேச நாடுகள் இப்படித்தான் கணித்தன. 1942 ஆகஸ்ட் மாதத்துக்கு உளவுத்துறை சொன்னது 1,550. வரிசை எண்கள் சொன்னது 327. போருக்குப் பின் கிடைத்த ஆவணங்களில் இருந்தது 342. எண்கள் 1-இல் தொடங்கி இடைவெளி இல்லாமல் ஓட வேண்டும், கண்ணில் பட்டவை பாரபட்சமின்றிப் பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சூத்திரம் பொய் சொல்லும்.

இன்னொரு கருவி, இரண்டு பேர் தனித்தனியே தேடும் முறை. ஒரு கையெழுத்துப் பிரதியில் ஒருவர் 20 பிழைகளைக் கண்டார், மற்றவர் 15, இருவரும் கண்டவை 10. மொத்தப் பிழைகள் ≈ 20 × 15 ÷ 10 = 30. இதுவரை சிக்கியவை 25. இன்னும் ஐந்து ஒளிந்திருக்கின்றன. எளிதான பிழைகள் இருவர் கண்ணிலும் படும் என்பதால், இந்த விடை பெரும்பாலும் குறைவாகவே வரும்.

வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

லட்சம், கோடி, மில்லியன், பில்லியன் நான்கும் ஒரே தாளில் கலந்தால் பத்து மடங்கோ நூறு மடங்கோ தப்புவது நிச்சயம். லட்சம் 10⁵, மில்லியன் 10⁶, கோடி 10⁷, பில்லியன் 10⁹, லட்சம் கோடி 10¹². முதல் வரியிலேயே எல்லாவற்றையும் அடுக்காக மாற்றுங்கள். கடைசி வரியில் மட்டும் சொல்லுக்குத் திரும்புங்கள். பரப்பு அலகுகளும் இப்படியே: ஹெக்டேர் 10⁴ சதுர மீட்டர், சதுர கிலோமீட்டர் 10⁶.

பெருக்குச் சராசரிக்கும் ஓர் எல்லை உண்டு. '4-இலிருந்து 100 வரை' என்று எழுதும்போது, உண்மையான ஓர் எண் எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியவில்லையா, அல்லது பொருள்களே சிறியதும் பெரியதுமாகப் பரவிக் கிடக்கின்றனவா? இரண்டும் வேறு. ஏரிகளில் பெரும்பாலானவை 1 முதல் 100 ஹெக்டேர் வரை என்றால், நடுத்தர ஏரி 10 ஹெக்டேர்தான். ஆனால் மொத்தப் பரப்பைப் பெரிய ஏரிகளே தூக்கி நிறுத்துவதால், பெருக்க வேண்டிய சராசரி 20-ஐ ஒட்டி வரும். பரவல் இன்னும் அகலமானால் வித்தியாசமும் ஏறும்.

பங்குகள், சதவீதங்கள் விஷயத்தில் 1-ஐத் தாண்டிய எல்லை வைக்க முடியாது. 'பத்தில் ஒன்பது' போன்ற இடத்தில் எஞ்சிய பத்தில் ஒன்றை மதிப்பிடுவதே பத்திரம்.

விடையை 2,487,312,000,000 என்று எழுதாதீர்கள். 2.5×10¹², ஐந்து மடங்கு முன்பின் என்று எழுதுங்கள். முடிவெடுக்க வேண்டிய வரம்பு இந்தப் பட்டைக்கு வெளியே இருந்தால் தோராயமே போதும். உள்ளே விழுந்தால் இந்த முறையால் முடிவெடுக்க முடியாது, தரவு சேகரிக்கத்தான் வேண்டும்.

மனத்தில் இருக்க வேண்டியவை

ஒரு நாள் ஏறத்தாழ 10⁵ நொடி, ஓர் ஆண்டு 3×10⁷ நொடி. பூமியின் ஆரம் 6.4×10⁶ மீட்டர், மொத்தப் பரப்பு 5×10¹⁴ சதுர மீட்டர், அதில் கடல் 71 சதவீதம். தண்ணீர் கன மீட்டருக்கு 1,000 கிலோ, காற்று 1.2, பாறை 2,700, இரும்பு 7,900. காற்றழுத்தம் 10⁵ பாஸ்கல். உச்சி வெயில் சதுர மீட்டருக்கு 1,000 வாட். ஒரு மனித உடல் 100 வாட். இதை மறந்தாலும் ஒரு நாள் உணவின் 2,000 கிலோகலோரியை ஜூலாக மாற்றி, ஒரு நாளின் நொடிகளால் வகுத்து மீட்டுவிடலாம்.

பழகுவதற்கு, விடை ஏற்கெனவே தெரிந்த கேள்விகளே சிறந்தவை. உங்கள் விடையை உண்மையால் வகுத்து, அதன் மடக்கையை (படி 5-இல் பார்த்த அடுக்கை) கூட்டல் கழித்தல் குறியோடு ஒரு பட்டியலில் எழுதிவாருங்கள். அளவு 0.5-க்குள் இருந்தால் சரியான பாதை. குறி எப்போதும் ஒரே பக்கம் என்றால் எல்லை வைக்கும் முறையில் கோளாறு.

தொடங்க நான்கு. எல்லைகளைத் தாளில் எழுதிய பிறகே விடையைப் பாருங்கள்: வளிமண்டலத்தின் நிறை, கடல் நீரின் கன அளவு, எழுபது ஆண்டு வாழ்வில் இதயத் துடிப்புகள், தலைமுடிகளின் எண்ணிக்கை. முதலாவதுக்குக் காற்றழுத்தம் போதும்: சதுர மீட்டருக்கு 10⁴ கிலோ, பரப்பு 5×10¹⁴, ஆக 5×10¹⁸ கிலோ. கடலுக்கு ஆழம் சராசரி 3.7 கி.மீ.; விடை 1.3×10¹⁸ கன மீட்டர். துடிப்பு நிமிடத்துக்கு 70, நாளைக்கு ஒரு லட்சம், மொத்தம் 2.6×10⁹. தலைமுடி 10⁵-ஐ ஒட்டி வரும். அதில் தள்ளாடும் காரணி ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை முடி என்பது. கண்ணாடி முன் நின்று ஒரு சிறு இடத்தில் எண்ணிவிடலாம்.